இசைப் பாடத்தில் ‘ஏன்?’ என்ற கேள்வி

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் சுரமானிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. சுரமானி என்பது உள்ளே வெற்றிடமுள்ள ஒரு மரப்பெட்டி. அதன் மேல் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, நுனியில் எடையைத் தொங்க விட்டிருப்பார்கள். கம்பிக்கு அடியில் இரண்டு கத்திமுனைகளை நகர்த்தி, அதிரும் நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு மாணவி 60 செ.மீ. நீளத்தை வைத்து மீட்டினாள். பிறகு 40 செ.மீ. ஆக்கி மீட்டினாள். உடனே தலைநிமிர்ந்து, “சார், இது பஞ்சமம்!” என்றாள்.

அவள் எட்டு ஆண்டுகள் வாய்ப்பாட்டுக் கற்றவள். “ச-ப-ச பாடாத நாளே இல்லை சார். ஆனால் பஞ்சமம் என்பது மூன்றில் இரண்டு பங்குக் கம்பி என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சுரத்தானங்கள் ஏன் பன்னிரண்டு, பதின்மூன்றாக ஏன் இல்லை, முதல் பாடம் ஏன் மாயாமாளவகௌளை என்றெல்லாம் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ‘அதெல்லாம் பெரியவர்கள் வைத்தது; நீ பாடு’ என்பார்கள்” என்றாள்.

அவள் கேட்ட கேள்விகள் ஒரே மாதிரியாகத் தோன்றினாலும் அவை ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. பஞ்சமம் ஏன் இனிமையாகச் சேர்கிறது என்பதற்கு விடை இயற்கையில் இருக்கிறது. ஏன் பன்னிரண்டு என்பதற்கு விடை கணக்கில் இருக்கிறது. ஏன் மாயாமாளவகௌளை என்பதற்கு விடை மனிதர் செய்த தேர்வில், அதாவது மரபில் இருக்கிறது. இசைக் கல்விக்குத் தர்க்கபூர்வமான அடித்தளம் ஒன்று வேண்டுமானால், முதலில் இந்த மூன்றையும் பிரித்தறியக் கற்க வேண்டும் என்பதே என் கருத்து. ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஆயிரம் ஆண்டு நம்பிய கதை

கம்பியின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த பெருமையைக் கிரேக்க நாட்டுப் பிதாகரஸுக்குச் சூட்டுவது வழக்கம். அவர் வாழ்ந்தது கி.மு. ஆறாம் நூற்றாண்டு. கம்பியைப் பாதியாக்கினால் மேல் ஸட்ஜம். மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம். நான்கில் மூன்று பங்காக்கினால் சுத்த மத்திமம். இம்மூன்றும் உண்மை. இன்று மாலையே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம்.

ஆனால் இந்த உண்மையோடு ஒரு கதையும் ஒட்டிக்கொண்டு வந்தது. பிதாகரஸ் ஒரு கொல்லன் பட்டறை வழியே சென்றாராம். சம்மட்டிகளின் ஓசை இசைவாகக் கேட்டதாம். அவற்றை நிறுத்துப் பார்த்தபோது எடைகள் 12, 9, 8, 6 என்ற விகிதத்தில் இருந்தனவாம். அதே விகிதத்தில் எடைகளைக் கம்பிகளில் தொங்கவிட்டபோது அதே சுரங்கள் கேட்டனவாம்! ஆறாம் நூற்றாண்டில் போயத்தியஸ் என்ற அறிஞர் தம் இசை நூலில் இக்கதையை எழுதி வைத்தார். ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இசை மாணவர்கள் இதைப் படித்தார்கள். ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்தார்கள்.

கதை தவறு. கம்பியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும். எடையை இரு மடங்காக்கினால் மேல் ஸட்ஜம் வராது. நான்கு மடங்காக்க வேண்டும். பஞ்சமம் வேண்டுமானால் எடைகள் 9-க்கு 4 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். எடையைத் தொங்கவிட்டுப் பார்த்து இதைக் கண்டவர் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த வின்சென்சோ கலிலி என்ற இத்தாலிய இசைக் கலைஞர். அவருடைய மகன்தான் பின்னாளில் விஞ்ஞான உலகையே புரட்டிப்போட்ட கலிலியோ!

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். ஒரு கம்பியும் சில எடைக்கற்களும் இருந்தால் அரை மணி நேரத்தில் பொய்யென்று தெரிந்திருக்கக் கூடிய ஒன்றை, அத்தனை தலைமுறைகள் உண்மையென்று ஒப்பித்தன. காரணம், சோதித்துப் பார்க்க வேண்டிய செய்தியையும், பெரியவர் சொன்னதால் ஏற்றுக்கொள்ள வேண்டிய செய்தியையும் அவர்கள் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள்.

சுருதி சேர்வது எப்படி?

இயற்கை தரும் விடையை இப்போது பார்ப்போம். ஒரு கம்பியை மீட்டும்போது அது ஒரே ஓர் அதிர்வெண்ணை மட்டும் எழுப்புவதில்லை. ஸட்ஜம் 240 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். அதே கம்பியிலிருந்து 480, 720, 960, 1200 என்று அதன் மடங்குகளும் மெலிதாகக் கேட்கின்றன. இவற்றை மேற்சுரங்கள் என்கிறோம். பஞ்சமம் ஒன்றரை மடங்கு, அதாவது 360 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகள் 720, 1080, 1440 என்று செல்லும். 720 என்ற எண் இரண்டு வரிசையிலும் இருப்பதைக் கவனியுங்கள். இரண்டு சுரங்களும் அங்கே ஒன்றையொன்று தழுவிக்கொள்கின்றன.

பஞ்சமத்தைச் சற்றே தவறாக 363 ஹெர்ட்ஸில் வைத்தால் என்ன ஆகும்? அதன் இரண்டாம் மடங்கு 726. ஸட்ஜத்தின் 720-உடன் அது மோதும். 6 ஹெர்ட்ஸ் வேறுபாட்டால் ஒலி விநாடிக்கு ஆறு முறை ஓங்கி அடங்கும். இதுவே விம்மல். பஞ்சமம் சரியான இடத்தை நெருங்க நெருங்க விம்மல் மெதுவாகி, இறுதியில் நின்று போகும். தம்புராவின் பிருடையைத் திருகிச் சுருதி சேர்ப்பவர் இதைத்தான் காதால் தேடுகிறார். ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட தமது பெருநூலில், இசைவையும் முரண்பாட்டையும் இந்த விம்மல்களைக் கொண்டே விளக்கினார்.

நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக ஒலிப்பதாகச் சங்கீதக்காரர்கள் சொல்வார்கள். இதிலும் மாயம் ஏதுமில்லை. மந்தர ஸட்ஜம் 120 ஹெர்ட்ஸ் என்றால் அதன் ஐந்தாம் மடங்கு 600. இது 480 ஹெர்ட்ஸான மேல் ஸட்ஜத்துக்கு 5/4 மடங்கு. அதுவே அந்தர காந்தாரம்! தம்புராவின் குதிரையில் செருகும் ஜீவா நூல் மேற்சுரங்களை வலுப்படுத்துவதால் அது தெளிவாகக் கேட்கிறது.

இதில் கல்விக்கு ஒரு பெரிய செய்தி இருக்கிறது. “சுருதி சேரவில்லை” என்பது ஆசிரியரின் அபிப்பிராயம் அன்று. மாணவனே கேட்டுச் சரிபார்க்கக் கூடிய உண்மை. விம்மலைக் கேட்கப் பழகிய பிள்ளைக்குத் தன் தவறு தனக்கே தெரியும். திட்டு வாங்கித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஏன் பன்னிரண்டு?

இனி, கணக்கு தரும் விடை. ஸட்ஜத்தை 1 என்று கொண்டு ஒன்றரையால் பெருக்குங்கள்: 1.5. இது பஞ்சமம். மீண்டும் ஒன்றரையால் பெருக்கினால் 2.25. இது மேல் ஸ்தாயிக்குப் போய்விட்டதால் பாதியாக்கிக் கீழே கொண்டு வாருங்கள்: 1.125. இது சதுச்ருதி ரிஷபம். இப்படியே பெருக்கியும், இரண்டைத் தாண்டும்போது பாதியாக்கியும் சென்றால் அடுத்து சதுச்ருதி தைவதம், அந்தர காந்தாரம், காகலி நிஷாதம், பிரதி மத்திமம் என்று வரிசையாகக் கிடைக்கும்.

இந்த வரிசையில் முதல் ஐந்து சுரங்களோடு நிறுத்தினால் ச ரி க ப த. இது மோகனம்! ஏழு சுரங்களோடு நிறுத்தினால் கல்யாணி! மேலும் சென்றால் பன்னிரண்டாவது பெருக்கலில் விடை 1.0136 ஆகிறது. அதாவது புறப்பட்ட ஸட்ஜத்துக்கு மிக அருகில் திரும்பி வந்துவிட்டோம். பதின்மூன்றாவது முறை பெருக்கினால் 1.52. இது புதுச் சுரமன்று. பழைய பஞ்சமத்தை ஒட்டிய நிழல். ஆகவே பன்னிரண்டில் வட்டம் ஏறத்தாழ மூடிக்கொள்கிறது. சிலப்பதிகாரத்தின் பழைய உரைகளில் விளக்கப்படும் வட்டப்பாலை, பன்னிரண்டு இராசி வீடுகள் கொண்ட வட்டத்தில் சுரங்களை வைத்தது. பஞ்சமத்துக்குத் தமிழில் இளி என்று பெயர். அந்த உறவைப் பிடித்துக்கொண்டே நம் முன்னோர் பண்களைத் தேடினார்கள்.

‘ஏறத்தாழ’ என்று சொன்னேனே, அதைக் கவனித்தீர்களா? 1-க்கும் 1.0136-க்கும் இடையில் சிறு இடைவெளி இருக்கிறது. எத்தனை முறை பெருக்கினாலும் அது முற்றிலும் மறையாது. மூன்றின் அடுக்கு எதுவும் இரண்டின் அடுக்காக முடியாது; ஒன்று ஒற்றைப்படை, மற்றது இரட்டைப்படை. இந்த இடைவெளியை என்ன செய்வது என்பதில்தான் மனிதர்கள் வேறுபட்டார்கள். சீன இளவரசர் சூ ஸாய்யூ 1584-இல் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம விகிதங்களாகப் பிரிக்கும் கணக்கைச் செய்தார். ஒவ்வொரு படியும் முந்தியதைப் போல் 1.05946 மடங்கு. இன்றைய பியானோவும் ஆர்மோனியமும் பெரும்பாலும் இந்தச் சமபங்கு முறையிலேயே அமைகின்றன.

சமபங்கு முறையில் பஞ்சமம் 360-க்குப் பதில் 359.6 ஹெர்ட்ஸ். குறை மிகச் சிறிது. ஆனால் அந்தர காந்தாரம் 300-க்குப் பதில் 302.4 ஆகிவிடுகிறது. தம்புராவோடு சேர்த்துக் கேட்டால் விநாடிக்கு ஒன்பதுக்கும் மேற்பட்ட விம்மல்கள்! ஆர்மோனியத்துக்கு அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை தடை விதித்திருந்தது. அந்தத் தடைக்காக வாதாடியவர்கள் காட்டிய காரணங்களில் இதுவும் ஒன்று. சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் அதில் வாராது என்பது மற்றொன்று.

நம் நாட்டிலும் சுருதிகள் 22-ஆ 24-ஆ என்ற வாதம் நெடுங்காலம் நடந்தது. தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ 22 என்ற கணக்கை மறுத்து 24 என்று வாதிட்டது. முடிவு எதுவாயினும் அவர் எண்களை முன்வைத்து வாதாடினார் என்பதை நாம் மறக்கலாகாது. இசையில் கேள்வி கேட்பது நம் மரபுக்குப் புறம்பானதன்று.

கணக்கு திறக்கும் வாசல்

பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி இன்னொரு கணக்குப் போட்டார். ஸட்ஜத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே நான்கு இடங்கள். அவற்றில் ஏதேனும் இரண்டைத் தேர்ந்து, கீழுள்ளதை ரிஷபம் என்றும் மேலுள்ளதைக் காந்தாரம் என்றும் கொள்ளலாம். நான்கில் இரண்டைத் தேர்வதற்கு ஆறு வழிகள். அதே போல் தைவத நிஷாதங்களுக்கு ஆறு வழிகள். மத்திமம் இரண்டு. 6 × 6 × 2 = 72. இதுவே எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களின் கணக்கு. பிளஸ் டூ மாணவன் படிக்கும் சேர்மானக் கணக்குதான்!

அவர் தம் நூலில் விளக்கிய மேளங்கள் 19 மட்டுமே. மற்றவை வெறும் கட்டங்களாக நின்றன. மென்டலீவ் 1869-இல் வெளியிட்ட தனிமங்களின் அட்டவணையில் காலியிடங்கள் இருந்தது உங்களுக்கு நினைவுக்கு வரலாம். அக்கட்டங்கள் பின்னாளில் நிரம்பியது போலவே இவையும் நிரம்பின. கோடீசுவர ஐயர் எழுபத்திரண்டு மேளங்களிலும் தமிழில் கீர்த்தனைகள் இயற்றினார்.

எனினும் ஒரு வேறுபாட்டை மாணவர்கள் உணர வேண்டும். 72 வழிகள் உண்டு என்று கணக்கு சொல்லும். அவற்றுள் எது உள்ளத்தை உருக்கும் என்று அது சொல்லாது. கணக்கு வாசலைத் திறந்துவிடும். உள்ளே போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டியது காதுதான். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலின் மாணவர் அரிஸ்டாக்ஸீனஸ், இசையை நீதி செய்ய வேண்டியது செவியே, எண்கள் அல்ல என்று பிதாகரஸின் வழிவந்தவர்களை மறுத்து நின்றார். இருவரும் உண்மையின் ஆளுக்கொரு பாதியைப் பிடித்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மரபின் இடம்

மூன்றாவது கேள்விக்கு வருவோம். ஆரம்பப் பாடங்களுக்கு மாயாமாளவகௌளையை அமைத்தவர் புரந்தரதாசர் (1484-1564) என்பது மரபு. அந்தச் சுரங்களுக்கு இடையேயுள்ள தூரங்களை அரைச்சுரங்களில் எழுதிப் பாருங்கள்: 1, 3, 1, 2, 1, 3, 1. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே! ச-ரி-க-ம என்ற கீழ்ப்பாதி எப்படியோ அப்படியே ப-த-நி-ச என்ற மேல்பாதி. ஒரு பாதியைக் கற்ற பிள்ளைக்கு மறுபாதி எளிது. சிறிய தாவலும் பெரிய தாவலும் அடுத்தடுத்து வருவதால் வேறுபாடு நன்றாகப் புலப்படும்.

இவை நல்ல காரணங்கள். ஆனால் நல்ல காரணம் வேறு, இயற்கை விதி வேறு. மேனாட்டுப் பிள்ளைகள் நம் சங்கராபரணத்தை ஒத்த வரிசையில் தொடங்குகிறார்கள். அவர்களும் நன்றாகவே பாடுகிறார்கள். மரபு என்பது பலவற்றில் ஒன்றைத் தேர்ந்து, பல தலைமுறைகள் பழகிச் செம்மை செய்தது. அதற்குரிய மதிப்பு அதுவே.

மரபின் சொல்லே இறுதியாக நிற்கும் இடங்களும் உண்டு. தோடியிலும் கரகரப்பிரியாவிலும் இருப்பது ஒரே சாதாரண காந்தாரம் என்று புத்தகம் சொல்லும். பாடும்போது தோடியின் காந்தாரம் அசையும் அசைவு முற்றிலும் வேறு. அதை எந்தச் சூத்திரத்திலிருந்தும் வருவிக்க முடியாது. குருவின் எதிரே அமர்ந்து, கேட்டு, திரும்பத் திரும்பப் பாடித்தான் பெற வேண்டும். “நான் பாடுவது போல் பாடு” என்று ஆசிரியர் சொல்வது இங்கே முற்றிலும் நியாயம். தாய்மொழியை நாம் இலக்கணம் கேட்டா கற்றோம்?

பிரிக்காவிட்டால் நேரும் தீங்கு

இந்த மூன்றையும் குழப்புவதால் நேரும் தீங்கு சிறிதன்று. என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவுக்குச் சேர்ந்திசைப் பயிற்சி நடந்தது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தி, எல்லோரும் அதில் பாட வேண்டும் என்றார்கள். என் குரல் அப்போதுதான் உடைந்துகொண்டிருந்தது. மேல் பஞ்சமம் எட்டவில்லை. “உனக்குக் குரல் இல்லை, வாயை மட்டும் அசை” என்றார்கள். விழா மேடையில் வாயை மட்டும் அசைத்தேன். அதன் பிறகு பல ஆண்டுகள், தனியாக இருக்கும்போதுகூட நான் பாடியதில்லை.

இதில் எது இயற்கை, எது மரபு என்று பாருங்கள். பருவ வயதில் குரல்நாண்கள் நீண்டு தடித்து, பையன்களின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குவது இயற்கை. ஸட்ஜம் இந்தக் கட்டையில்தான் இருக்க வேண்டும் என்பது வெறும் ஏற்பாடு. நம் சங்கீதத்தில் ஸட்ஜத்துக்கு நிலையான அதிர்வெண்ணே கிடையாது. பொதுவாக ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுகிறார்கள். சுரங்களுக்கிடையே உள்ள விகிதமே முக்கியம். தொடங்கும் இடம் அவரவர் வசதி. மாற்றக்கூடிய ஏற்பாட்டை மாற்றாமல், மாற்ற முடியாத இயற்கையைக் குற்றம் சொன்னதால் ஒரு பையனின் பாட்டு நின்றது. அன்று யாராவது சுருதியை மூன்று கட்டை இறக்கிப் பார்த்திருந்தால் போதும்.

மறுபுறத் தவறும் உண்டு. “ரசனைதானே, எப்படிப் பாடினால் என்ன?” என்று சொல்லிச் சுருதி சேராமையை விட்டுவிடுவதும் குழப்பமே. விம்மல் ரசனையைப் பொறுத்தது அன்று.

பாடத்தை எப்படி அமைக்கலாம்?

ஆகவே, இசை வகுப்பில் ஒவ்வொரு செய்தியையும் சொல்லும்போது அது எந்த இனம் என்பதையும் ஆசிரியர் சேர்த்துச் சொல்லலாம். இயற்கையானால், “கேட்டுப் பார்” என்று கம்பியைக் கையில் கொடுக்கலாம். கணக்கானால், “எண்ணிப் பார்” என்று தாளும் பென்சிலும் கொடுக்கலாம். மரபானால், “பாடிப் பழகு, பிறகு உனக்கே காரணம் புலப்படலாம்” என்று நேர்மையாகச் சொல்லலாம். ‘பெரியவர்கள் வைத்தது’ என்பதும் சரியான விடையே, அது உண்மையாகவே பெரியவர்கள் வைத்ததாக இருக்கும்போது.

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு மீட்டர் நீளப் பலகை, இரண்டு ஆணிகள், ஓர் எஃகுக் கம்பி, இரண்டு முக்கோண மரத்துண்டுகள் போதும். 60 செ.மீ. நீளத்தில் ஸட்ஜத்தை வைத்துக்கொள்ளுங்கள். 48-இல் அந்தர காந்தாரம், 45-இல் சுத்த மத்திமம், 40-இல் பஞ்சமம், 30-இல் மேல் ஸட்ஜம். கண்ணை மூடிக்கொண்டு மரத்துண்டை நகர்த்தி, காதுக்குச் சரியென்று படும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு அளவுகோலைப் பாருங்கள். உங்கள் காது எவ்வளவு நல்ல கருவி என்பது தெரியும்.

வீட்டில் பாட்டுக் கற்கும் பிள்ளை இருந்தால் அந்தப் பலகையை அதன் கையிலும் கொடுங்கள். ‘இவனுக்குக் குரல் இல்லை’ என்று சொல்லும் முன் சுருதியை ஏற்றியோ இறக்கியோ ஒரு முறை பாடச் சொல்லிப் பாருங்கள்.